வெளியேறச் சொல்வது பாதி மருந்துதான்

1/
கொள்ளிடத்துல தண்ணி ஏறும்போதெல்லாம் ஒரு வீடியோ சுத்தும். ஒரு பாட்டி வீட்டு வாசல்ல உட்கார்ந்திருப்பாங்க. விஏஓ கெஞ்சுவார், போலீஸ்காரர் அதட்டுவார், பாட்டி அசைய மாட்டாங்க. கீழே கமெண்ட்ல நம்ம ஆளுங்க வரிசையா வருவாங்க. "இதுங்களுக்கெல்லாம் பட்டாத்தான் புத்தி வரும்." "நாளைக்குச் செத்தா அரசாங்கத்தைக் குறை சொல்லுவாங்க." "தூக்கி வண்டியில போடுங்க சார்."

அந்த கமெண்ட் போடுறவங்களுக்காகத்தான் இந்த நீளமான த்ரெட். கோபத்துலதான் எழுதுறேன். பொறுமையா கடைசி வரை படிங்க.

2/
முதல்லயே ஒண்ணைத் தெளிவா சொல்லிடுறேன். "வீட்டை விட்டுப் போகாதீங்க"ன்னு நான் சொல்ல வரல. 1999-ல ஒடிசாவை அடிச்ச சூப்பர் புயல்ல சுமார் 10,000 பேர் செத்தாங்க. 2013-ல அதே கடற்கரைக்கு பைலின் புயல் வந்தப்போ முன்கூட்டியே சுமார் 10 லட்சம் பேரை நகர்த்தினாங்க. சாவு எண்ணிக்கை சில பத்துகளோட நின்னுச்சு. இதுக்கு மேல ஆதாரம் வேணாம். சரியான நேரத்துல வெளியேறுறது உயிர் காக்கிற மருந்து.

3/
மருந்துன்னு ஒத்துக்கிட்டா, மருந்து மாதிரிதான் அதை நடத்தணும். எந்த மருந்துக்கும் அளவு இருக்கு, நேரம் இருக்கு, பக்கவிளைவு இருக்கு. யாருக்கு யோசிச்சுக் கொடுக்கணும்னு ஒரு பட்டியல் இருக்கு. ஊசியைப் போட்டுட்டு நோயாளியைத் திரும்பிக்கூடப் பார்க்காம போற டாக்டரை நீங்க சும்மா விடுவீங்களா? ஆட்டோவுல மைக் கட்டி "எல்லாரும் மேடான இடத்துக்குப் போங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஊருக்குப் போறதும் அதே வேலைதான்.

நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான்: வெளியேறச் சொல்றவங்க, அந்த மனுஷன் திரும்ப தன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏத்துக்காத வரைக்கும், வரமாட்டேன்னு சொல்ற பாட்டியைத் திட்ட நமக்கு யோக்கியதை இல்ல.

4/
அடுத்தவங்களைச் சொல்றதுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லிடுறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். வடகிழக்குப் பருவமழை. ராத்திரி பத்து மணிக்கு வளாகத்துல முழங்கால் அளவு தண்ணி. ஏரி உடைஞ்சிருச்சுன்னு யாரோ போன் பண்ணிட்டாங்க. வார்டைக் காலி பண்ணணும்னு முடிவாச்சு. ஆக்சிஜன்ல இருந்த ஒரு பெரியவர், நாள்பட்ட நுரையீரல் நோய். அவரை மாற்றி அனுப்புற தாள்ல கையெழுத்து போட்டது நான்தான்.

5/
முக்கால் மணி நேரத்துல போற தூரம். வழியில புளியமரம் விழுந்து கிடந்தது. வண்டி சுத்திப் போச்சு. ரெண்டரை மணி நேரம் ஆச்சு. சிலிண்டர்ல எவ்வளவு மீதி இருக்குன்னு கிளம்பும்போது யாரும் பார்க்கல. நானும் பார்க்கல. பெரியவர் போய்ச் சேரல.

காலையில வந்து பார்த்தா தண்ணி வார்டு படிக்கட்டோட நின்னிருக்கு. உள்ளே ஒரு சொட்டு வரல. அவர் படுத்திருந்த கட்டில் காய்ஞ்சு கிடந்தது.

6/
வார்டைக் காலி பண்ணின முடிவு தப்பா? இன்னைக்கும் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஏரி உண்மையிலேயே உடைஞ்சிருந்தா அத்தனை பேரும் போயிருப்பாங்க. தப்பு எங்கன்னா, "எல்லாரையும் மாத்து"ன்னு முடிவு பண்ணினதோட எங்க வேலை முடிஞ்சதா நினைச்சோம். அந்தப் பெரியவருக்கு வெள்ளத்தை விட பயணம் ஆபத்துன்னு தனியா உட்கார்ந்து யோசிக்க ஒரு ஆள் இல்ல. மாடிக்குத் தூக்கியிருக்கலாம். இன்னொரு சிலிண்டர் ஏத்தியிருக்கலாம்.

இப்பவும் ஆம்புலன்ஸ் கதவை மூடுறதுக்கு முன்னாடி நான் சிலிண்டர் கேஜைப் பார்ப்பேன். அந்தப் பெரியவர் கத்துக் கொடுத்தது.

7/
இது என் ஒருத்தன் அனுபவம்னு ஒதுக்காதீங்க. 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா. பூகம்பம், சுனாமி, அணு உலை விபத்து. உலைக்கு 5 கிலோமீட்டருக்குள்ள ஃபுதாபான்னு ஒரு மருத்துவமனை. படுத்த படுக்கையா இருந்த வயசானவங்களைக் கூட பஸ்ல உட்கார வச்சு மணிக்கணக்கா அலைய விட வேண்டியதாச்சு. வழியிலும், போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலும் நாற்பது பேருக்குக் குறையாம இறந்தாங்க. கதிர்வீச்சு கொன்னது இல்ல. குளிர், தண்ணி இல்ல, மருந்து இல்ல, கூட நர்ஸ் இல்ல.

8/
பக்கத்துல மினாமிசோமா நகரத்துல முதியோர் இல்லங்களை ஆராய்ச்சி பண்ணினாங்க. வெளியேற்றத்துக்குப் பிறகு இறப்பு சுமார் 2.7 மடங்கா ஏறியிருந்தது. ஆனா எல்லா இல்லத்துலயும் ஒரே மாதிரி ஏறல. எப்படிக் கூட்டிட்டுப் போனாங்க, போன இடத்துல யார் பார்த்துக்கிட்டாங்கங்கிறதைப் பொறுத்து பெரிய வித்தியாசம்.

ஃபுகுஷிமா மாகாணத்துல அலைச்சல், முகாம் வாழ்க்கை, விட்டுப்போன சிகிச்சை இதனால செத்ததா அந்த அரசாங்கமே ஒத்துக்கிட்டது 2,300 பேருக்கு மேல. அந்த மாகாணத்துல பூகம்பமும் சுனாமியும் நேரடியா கொன்னதை விட இது அதிகம். ஜப்பான்லயே இந்த நிலைமைன்னா நம்ம ஊர்ல எப்படி இருக்கும்னு யோசிங்க.

9/
அதனால நான் ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் நாலு கேள்வி கேப்பேன்.
போகலைன்னா என்ன ஆகும்?
போற வழியில என்ன ஆகும்?
போன இடத்துல என்ன ஆகும்?
திரும்பி வந்தா என்ன ஆகும்?

நம்ம ஊர்ல முதல் கேள்வியோட கடையைச் சாத்திடுறோம். மிச்சம் மூணு கேள்விக்குப் பதிலை அந்தப் பாட்டி தலையில கட்டிடுறோம். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

10/
போகலைன்னா என்ன ஆகும்? இதுக்கு பதில் எந்த ஆறுங்கிறதுல இருக்கு.

அரியலூர் மாவட்டத்தோட தெற்கு எல்லை முழுக்க கொள்ளிடம். திருமழபாடி, திருமானூர், தூத்தூர், மதனத்தூர், கடைசியில அணைக்கரை. ஆத்துக்கு நடுவுல திட்டா இருக்கிற ராமநல்லூர். 2018, 2022, 2024 ஆகஸ்ட்ல கொள்ளிடம் எப்படி ஓடுச்சுன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். 2018-ல முக்கொம்பு மேலணையோட மதகுகள்ல ஒன்பதை அடிச்சுட்டுப் போச்சு. 2022-ல வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல.

ஆனா கொள்ளிடத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சொல்லிட்டு வரும். மேட்டூர்ல திறக்கிற தண்ணி நம்ம பக்கம் வந்து சேர ஒரு நாளுக்கு மேல ஆகும். அந்த ஒரு நாள்தான் நமக்குக் கிடைக்கிற சிகிச்சை நேரம்.

11/
மருதையாறு அப்படி இல்ல. பெரம்பலூர் பக்கம் பச்சைமலையில பிறந்து, ரெண்டு மாவட்டத்தையும் கடந்து கொள்ளிடத்துல சேருது. வருஷத்துல பாதி நாள் மணலும் சீமைக்கருவேலமும்தான். மலையில கொட்டித் தீர்த்தா சில மணி நேரத்துல ஆறு நிறைஞ்சு வரும். "பெரம்பலூர் வறண்ட மாவட்டம், இங்க எதுக்கு வெள்ளம்?"னு கேக்கிறவங்க ஒரு தேதியை ஞாபகம் வச்சுக்கணும்.

1956 நவம்பர் 23.

12/
அன்னைக்கு விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்துல ஏறுச்சு. வெள்ளம் பாலத்தை ஏற்கெனவே பலவீனமாக்கியிருந்தது. இன்ஜினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆத்துக்குள்ள. 140 பேருக்கு மேல செத்தாங்க. தூக்கத்துல போனவங்க அதுல எத்தனையோ பேர்.

அந்த விபத்துக்குப் பொறுப்பேத்து ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணினது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. துணை அமைச்சர் ஓ.வி.அளகேசனை எதிர்த்து அடுத்த வருஷத் தேர்தல்ல அரியலூர் பேரையே கோஷமாக்கினதும் தெரிஞ்சிருக்கும்.

13/
சாஸ்திரி பண்ணினது பெரிய விஷயம்தான், மறுக்கல. ஆனா 70 வருஷமா நாம அந்த ஊரைப் பத்திப் பேசினதெல்லாம் யார் ராஜினாமா பண்ணினாங்கங்கிறதைத்தான். அந்த ராத்திரி அந்த ரயிலை ரெண்டு மணி நேரம் முந்தின ஸ்டேஷன்ல நிறுத்தியிருந்தா என்ன நஷ்டம்னு யாராவது பேசினோமா?

நஷ்டம் என்ன? கொஞ்சம் தாமதம். பயணிகள் திட்டியிருப்பாங்க. ஒரு பக்கம் ரெண்டு மணி நேரத் தாமதம், இன்னொரு பக்கம் 140 உயிர். இந்த மாதிரி கணக்குல "நிச்சயமா தெரியலையே"ங்கிறது ஓட்டிப் பார்க்கிறதுக்குக் காரணம் இல்ல, நிறுத்துறதுக்குத்தான் காரணம். ராஜினாமா வர்றது செத்தவங்களுக்கு அப்புறம். முடிவு எடுக்க வேண்டியது அதுக்கு முந்தின ராத்திரி.

14/
"போன தடவையும் இப்படித்தான் கிளப்பிவிட்டாங்க, ஒண்ணும் ஆகலையே"ன்னு கரையோரத்துல சொல்லுவாங்க. நெஞ்சு வலின்னு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஹார்ட் அட்டாக் இருக்காது. இருந்தாலும் ஈசிஜி எடுத்து, ராத்திரி முழுக்கப் படுக்க வச்சு, காலையில வீட்டுக்கு அனுப்புவோம். "வெறும் கேஸுக்கு படுக்க வச்சுட்டார்"னு திட்டிட்டுத்தான் போவாங்க. பரவாயில்ல. அந்தத் திட்டு வாங்குறது எங்க வேலையில சேர்த்தி.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, இதைத்தான் கமெண்ட் போடுற யாரும் பார்க்கிறது இல்ல. ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி படுத்தா உங்களுக்குத் தூக்கம்தான் போகும். கூலி வேலைக்குப் போற குடும்பம் மூணு நாள் முகாம்ல இருந்தா மூணு நாள் கூலி போகும். குழுத் தவணைக்கு ஆள் வந்து நிப்பாங்க. எல்லாரும் பத்திரமா இருக்கிறதுக்கான செலவை இருக்கிறவங்கள்லயே ஏழைகிட்ட வசூல் பண்றோம். வசூல் பண்ணிட்டு "விழிப்புணர்வு இல்ல"ன்னும் சொல்றோம்.

15/
ரெண்டாவது கேள்வி, போற வழி. இதுக்கு என் பெரியவர் கதையே போதும். ரெண்டு விஷயம் மட்டும் சேர்த்துக்கிறேன்.

ஒண்ணு, நேரம். பகல்ல, தண்ணி வர்றதுக்கு முன்னாடி நகர்த்தினா அது சாதாரணப் பயணம். அதையே ராத்திரி இடுப்பளவு தண்ணியில செஞ்சா அது தனி ஆபத்து. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டின குழிகள் எத்தனை இருக்குன்னு உள்ளூர்க்காரங்களுக்குத் தெரியும். தண்ணி நிரம்பிட்டா எது ரோடு, எது குழி விளிம்புன்னு தெரியாது.

ரெண்டு, ஆள் வரிசை. டயாலிசிஸ் நோயாளி, ஒன்பது மாச கர்ப்பிணி, பக்கவாதத்துல படுத்திருக்கிறவர், ஆக்சிஜன்ல இருக்கிறவர். இவங்க முந்தின நாளே கிளம்பணும், அதுவும் முகாமுக்கு இல்ல, நேரா ஆஸ்பத்திரிக்கு. நடைமுறையில என்ன நடக்குது? நடக்க முடிஞ்சவங்க முதல்ல போயிடுறாங்க. படுக்கையில இருக்கிறவர் கடைசியா, கட்டிலோட, நாலு பேர் தோள்ல.

16/
மூணாவது கேள்வி, போன இடம். இதுலதான் நம்ம வண்டவாளம் எல்லாம் இருக்கு.

2022 ஆகஸ்ட். ஒரு பள்ளிக்கூட முகாமுக்கு மருத்துவக் குழுவோட போயிருந்தேன். சாப்பாடு நல்லா இருந்துச்சு, குறை சொல்ல முடியாது. வந்திருந்தவங்கள்ல பாதிப் பேர் ஐம்பது வயசுக்கு மேல. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எதையும் எடுத்துட்டு வரல. "என்ன மாத்திரை?"னு கேட்டா, "வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்." மூணு நாள் மாத்திரை இல்லாம, வேளாவேளைக்குச் சோறு. ஒரு அம்மாவுக்கு சர்க்கரை எங்க மீட்டர் காட்டுற அளவையே தாண்டிடுச்சு. அவங்களை வெள்ளம் தொடவே இல்ல.

17/
பொம்பளைங்க நிறைய பேர் தண்ணியே குடிக்கல. ஏன்னு விசாரிச்சா, நூறு பேருக்கு மேல இருந்த இடத்துல தாழ்ப்பாள் போடுற கழிவறை ரெண்டே ரெண்டு. ராத்திரி விளக்கு கிடையாது. சிறுநீர்த் தொற்றோட, காய்ச்சலோட வந்தவங்களை எண்ணி முடியல.

இன்னொண்ணும் சொல்றேன், பிடிக்காதவங்க கோவிச்சுக்கோங்க. முகாம் எந்தத் தெருவுல இருக்குங்கிறதைப் பார்த்துத்தான் யார் வருவாங்க, யார் வரமாட்டாங்கன்னு முடிவாகுது. ஊர்த்தெரு மண்டபத்துல முகாம் போட்டா காலனிக்காரங்க வாசல்லயே நின்னு யோசிப்பாங்க. காலனி பள்ளிக்கூடத்துல போட்டா இவங்க "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறோம்"னு கரையிலயே தங்கிடுவாங்க. இந்த உண்மையை எழுதாத பேரிடர் திட்டம் எல்லாம் வெறும் காகிதம்.

18/
அந்த முகாம்ல ஒரு அப்பாயி. எழுபது வயசுக்கு மேல இருக்கும். மூணு தடவை கூட்டிட்டு வந்தாங்க, மூணு தடவையும் விடியறதுக்குள்ள திரும்பிப் போயிட்டாங்க. நானும் உங்களை மாதிரிதான், கொஞ்சம் எரிச்சலோடதான் கேட்டேன். "ஏன் அப்பாயி, உயிர் முக்கியம் இல்லையா?"

"உயிர் முக்கியம்தான் தம்பி. ரெண்டு மாடு கட்டிக் கிடக்கு. அவுத்து விட்டா எவன் ஓட்டிட்டுப் போவான்னு தெரியாது, கட்டி வச்சா முழுகிப் போகும். அந்தப் பால் காசுலதான் எனக்கு மாத்திரை. மாட்டை விட்டுட்டு இங்க வந்து உயிரை வச்சுக்கிட்டு அப்புறம் நான் என்ன பண்ண?"

எனக்குப் பதில் இல்ல. அந்த அம்மா கணக்கு போட்டிருக்காங்க. என்னை விட நல்லாவே போட்டிருக்காங்க. நாலாவது கேள்வி வரைக்கும் யோசிச்சது அங்க அவங்க ஒருத்தர்தான்.

19/
மறுநாள் யாரோ ரெண்டு பசங்க மாட்டை டெம்போவுல ஏத்திட்டு வந்து மேட்டுத் தெருவுல ஒரு கொட்டகையில கட்டினாங்க. அவ்வளவுதான். அப்பாயி அதுக்கப்புறம் முகாமை விட்டு நகரல. போலீஸும் மிரட்டலும் மூணு நாளா செய்ய முடியாததை ஒரு டெம்போ வாடகை செஞ்சது.

"படிக்காத ஜனங்க"ன்னு கமெண்ட் போட்டீங்களே, இவங்களையா?

20/
நாலாவது கேள்வி, திரும்பி வர்றது. தண்ணி வடிஞ்சதும் டிவி கேமரா போயிடும், அரிசி மூட்டையோட வந்தவங்களும் போயிடுவாங்க. என்னைக் கேட்டா நோயாளிங்க வர ஆரம்பிக்கிறதே அதுக்கப்புறம்தான்.

பாம்பு வீட்டுக்குள்ள, கோழிக்கூண்டுக்குள்ள, மடிச்சு வச்ச பாய்க்குள்ள ஏறியிருக்கும். கடிச்சா கட்டாதீங்க, கீறாதீங்க, மந்திரிக்கப் போகாதீங்க. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம நேரா அரசு ஆஸ்பத்திரி. சேத்துல வெறுங்காலோட நின்னு வேலை பார்த்து ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்புன்னா எலிக்காய்ச்சலா இருக்கலாம். "வெள்ளத் தண்ணியில நின்னேன்"னு டாக்டர்கிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்க. மீட்டர் பெட்டி நனைஞ்சிருந்தா மின்வாரிய ஆள் வந்து பார்க்காம சுவிட்சைத் தொடாதீங்க. குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைங்க.

21/
ஒரு விஷயம் தனியா. கிணத்தைத் தூர் வார, மோட்டாரை எடுக்கன்னு உடனே உள்ளே இறங்காதீங்க. உள்ளே காத்து எப்படி இருக்கும்னு மேல நிக்கிறவங்களுக்குத் தெரியாது. 2020 ஜூலையில பெரம்பலூர் பக்கத்துல செல்லியம்பாளையத்துல கிணத்துக்குள்ள விஷவாயு. உள்ளே மயங்கினவங்களை மீட்க இறங்கின தீயணைப்பு வீரர் ஒருத்தரே இறந்துட்டார். பயிற்சி எடுத்தவருக்கே அந்த நிலைமை.

2023 அக்டோபர்ல அரியலூர் மாவட்டம் விரகாலூர் பட்டாசு ஆலை வெடிச்சப்போ, உள்ளே ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சும் உடனே கிட்ட நெருங்க முடியல. வெடி வெடிச்சுக்கிட்டே இருந்தது. வெளியில நிக்கிறவங்களுக்கு அது கல்நெஞ்சு மாதிரி தெரியும். ஆனா முதல் வெடிக்கு ஓடி வர்றவங்களை ரெண்டாவது வெடி கொல்லும். காப்பாத்தப் போறவர் விழுந்துட்டா காப்பாத்த வேண்டியவங்க எண்ணிக்கைதான் ஒண்ணு கூடும்.

22/
அதனால உதவி பண்ணத் துடிக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு. உங்க மனசை நான் குறை சொல்லல. ஆனா கரை ரோட்டுல ரெண்டு வண்டி எதிரெதிரா வந்தாலே ஒதுங்கித்தான் போகணும். அதுல இருபது கார்ல பிரெட் பாக்கெட்டோட நீங்க வந்து நின்னா 108 எப்படி உள்ளே போகும்? பாலத்துல நின்னு வெள்ளத்தோட செல்ஃபி எடுக்கிறவங்க வேற. கிழிஞ்ச துணி அனுப்பாதீங்க, காலாவதியான மாத்திரை அனுப்பாதீங்க.

கூட்டத்தோட சேர்ந்து வராம, போன் பண்ணிக் கேட்டுட்டு வாங்க. அநேகமா அவங்க கேக்கிறது டெம்போ, சானிட்டரி நாப்கின், டார்ச், மாட்டுக்கு வைக்கோல், இன்சுலின் வைக்க ஐஸ் பெட்டியா இருக்கும். போட்டோவுல இதெல்லாம் அழகா விழாது. ஆனா அங்க அதுதான் பத்தாம கிடக்கும்.

23/
"குறை சொல்றது சுலபம் டாக்டர், ஒரு விஏஓ எத்தனை வேலைதான் பார்ப்பார்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. களத்துல நிக்கிற விஏஓ, தலையாரி, நர்ஸம்மா, தூய்மைப் பணியாளர் மேல எனக்கு ஒரு புகாரும் இல்ல. அவங்க வீட்டுலயும்தான் தண்ணி.

நான் கேக்கிறது புதுசா எதையும் இல்ல. பட்டியல் ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கு. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடா போகுது. யாருக்கு சுகர், யாருக்கு பிரஷர், யார் படுத்த படுக்கை, யார் வீட்டுல வச்சே டயாலிசிஸ் பண்றாங்கன்னு அவங்ககிட்ட பேரோட இருக்கு. கர்ப்பிணிங்க எல்லாருக்கும் பிக்மி எண் இருக்கு, பிரசவத் தேதி இருக்கு. கால்நடை மருந்தகத்துல ஆடு, மாடு கணக்கு இருக்கு.

24/
ஜூன் மாசத்துலயே இந்த மூணு பட்டியலையும் ஒரே மேஜையில வச்சு, கரையோர ஊருக்கு ஊர் ஒரு தாள் போட்டா போதும்.

ஒண்ணு: முதல்ல கிளம்ப வேண்டியவங்க யார், எந்த வண்டியில, எந்த ஆஸ்பத்திரிக்கு.
ரெண்டு: முகாம்ல ஒரு வாரத்துக்கான சுகர், பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா மருந்து, ஒரு நர்ஸ்.
மூணு: மாட்டுக்கு மேட்டுல ஒரு இடம், ஏத்திட்டுப் போக வண்டி.
நாலு: தாழ்ப்பாளும் விளக்கும் உள்ள கழிவறை. எல்லாத் தெருக்காரங்களும் கால் வைக்கிற இடத்துல முகாம்.
அஞ்சு: வெள்ளம் வந்தாலும் வரலைன்னாலும், கிளம்பச் சொன்ன நாளுக்குக் கூலி.

அஞ்சாவதைக் கேட்டா சிரிப்பீங்க. சிரிக்காதீங்க. செத்ததுக்கு அப்புறம் லட்சக்கணக்குல நிவாரணம் தர்ற நாம, சாகாம இருக்கிறதுக்கு மூணு நாள் கூலி தர யோசிக்கிறோம்.

25/
டாக்டருங்களுக்கும் ஒண்ணு. பேரிடர்னா நாம முகாம்ல டோலோவும் ஓஆர்எஸ்ஸும் கொடுக்கிறதோட நிறுத்திக்கிறோம். யாரை நகர்த்தலாம், யாரை நகர்த்தக் கூடாது, யாரை மாடிக்கு மட்டும் தூக்கினா போதும்ங்கிறது மருத்துவ முடிவு. மாவட்டப் பேரிடர் மேலாண்மைக் கூட்டத்துல கலெக்டர் முன்னாடி அதை எடுத்துச் சொல்ல வேண்டியது நாமதான். 2022-லிருந்து அரியலூர்ல அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. கொள்ளிடக்கரை வெளியேற்றத்தை அங்க பசங்களுக்கு ஒரு பாடமாவே நடத்தலாம்.

26/
உங்க வீட்டுல இன்னைக்கே செய்ய முடிஞ்சது: வீட்டுல இருக்கிற பெரியவங்க மாத்திரைச் சீட்டை செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. ரேஷன் கார்டு, ஆதார், ஒரு வார மாத்திரை, மூக்குக்கண்ணாடி, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல, கதவுக்குப் பக்கத்துல ஆணியில தொங்கட்டும். ஐஸ் இல்லைன்னா இன்சுலினை கவர்ல சுத்தி, ஈர மணல்ல வச்ச மண் பானைக்குள்ள வைக்கலாம்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. ஆம்புலன்ஸ் 108.

27/
அடுத்த தடவை அந்த வீடியோ உங்க டைம்லைன்ல வரும். கட்டாயம் வரும், ஆடி மாசம் எப்படியும் வரும். பாட்டி வாசல்ல உட்கார்ந்திருப்பாங்க. கமெண்ட் போடணும்னு கை அரிச்சா, ஒரே ஒரு கேள்வி போடுங்க: "இந்த அம்மாவோட மாடு எங்க கட்டியிருக்கு?"

பதில் தெரிஞ்சவங்க அந்த வீடியோவை எடுத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க, டெம்போ தேடிக்கிட்டிருப்பாங்க.

த்ரெட் முடிஞ்சது. உங்க ஊர் நர்ஸம்மாவுக்கும் விஏஓவுக்கும் அனுப்புங்க. கரையோரத்துல இருக்கிறவங்க, நான் எதையாவது விட்டிருந்தா கீழே எழுதுங்க. உங்களுக்குத்தான் என்னை விட அதிகம் தெரியும்.